ஜீப்பு ஒழுகுது மாப்ள!

பண்ணைப்புரம்னு ஊர் பேரைச் சொன்னதும் உங்களுக்கு உடனே ஒரு பாட்டு ஞாபகம் வருமே... வரட்டும், தப்பில்லை. 1943-ல் இளையராஜா பிறந்த ஊராச்சே! காலேஜில் முதல் நாள் 'எந்த ஊருப்பா?' என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னதும், 'அப்படியா, எங்கே ஒரு பாட்டுப் பாடு' என்று மொத்த கிளாஸும் என்னை எழுப்பி நிறுத்தியது. பாடினேன். அதோட சரி. நாலு செமஸ்டர் முடிஞ்சிடுச்சு, இன்னிவரைக்கும் ஒருத்தர்கூட என்னை மறுபடி பாடச் சொன்னதில்லை!

எனக்குத் தெரிஞ்ச ஊர்ச் சங்கீதம் ஒண்ணே ஒண்ணுதான். விடியக்காலை நாலரை மணிக்குத் தெருமுனையில் மாமாவோட ஜீப் உறுமுற சத்தம். மாமாவுக்கு மலைக்கு மேலே, வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு. ஏலக்காய் பறிக்கிற நாட்களில் எங்க தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் அவரோட ஜீப்பில் கிளம்புவாங்க. தூக்குச்சட்டி, தார்ப்பாய், வெத்தலைப் பொட்டலம் சகிதம் கோம்பை, உத்தமபாளையம், கம்பம் தாண்டி கம்பம்மெட்டு ஏறினா கேரளா. சாயங்காலம் திரும்பி வரும்போது ஜீப் முழுக்க ஏலக்காய் வாசம். எங்க பள்ளத்தாக்கில் போடி, தேவாரம், கம்பம்னு எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவன். அந்த ஜீப்பை 'ரிப்பேர்' பண்ணப் போய் பல்பு வாங்கின கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா நடுவுல ஒரு இடத்துல சிரிக்க முடியாது, அதை இப்பவே சொல்லிடறேன்.

தகர டப்பா வைத்தியம்

முதல்ல ஹீரோ அறிமுகம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி ஜீப். வில்லிஸ் கம்பெனியோட ஜீப்பை 1947-லிருந்து மஹிந்திரா இந்தியாவில் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. 1953-ல் அமெரிக்காவில் வந்த சி.ஜே.3பி என்ற மாடல் அங்கே 1968-லேயே நின்னு போச்சு. இங்கேயோ அதே மூஞ்சியோட அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடிச்சு. மாமாவோட ஜீப் அந்த வம்சம். 1970-களில் பிறந்தது, பிற்பாடு யாரோ டீசல் இன்ஜின் மாத்தியிருக்காங்க. என் வயசைவிட அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேலே வயசு. வெளிநாட்டுல இருந்தா 'கிளாசிக் கார்'னு மெழுகு போட்டுத் துடைச்சு கண்காட்சியில் நிறுத்துவாங்க. எங்க ஊர்ல அது காலையில வேலைக்குக் கிளம்புது.

இந்த ஜீப்புக்கு ஒரு பழக்கம். ராத்திரி நிறுத்தினா காலையில் அடியில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கும். மாமா அதுக்கு ஒரு வைத்தியம் வச்சிருந்தார். பழைய எண்ணெய் டின்னை ரெண்டா வெட்டி அடியில் தள்ளி விட்டுடுவார். கேட்டா, 'வயசானா ஒழுகத்தான் செய்யும் மாப்ள. நீ வயசாகிப் பாரு, தெரியும்'னு சொல்லுவார். ஒரு வருஷமா இதே டயலாக். வீட்டுல எல்லாருக்கும் பழகிப் போச்சு.

போன செமஸ்டர் லீவுல நான் அடியில் படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இன்ஜினுக்குப் பின்னாடி கியர் பாக்ஸ். மூணு கியர் போடுற டி-90. அதோட முதுகுல ஒட்டிக்கிட்டு இன்னொரு பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்புறது இதுதான். அதுலேருந்து பின்பக்கமா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்புற இடத்துலதான் ஈரம்.

அங்கே ஒரு ஆயில் சீல் இருக்கும். சுத்துற ஷாஃப்ட்டைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, எண்ணெயை உள்ளேயே நிறுத்தி வைக்கிற ரப்பர் உதடு. நாம மெஷின் டிராயிங் பேப்பர்ல ஒரு பெருக்கல் குறி போட்டுட்டுத் தாண்டிப் போவோமே, அதே ஆசாமி! ஒரு காலத்துல தோல்லதான் செய்தாங்க. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊர்ல 1849-ல் ஆரம்பிச்ச ஃப்ராய்டன்பெர்க், நம்ம திண்டுக்கல் ஷாப்புகள் மாதிரி தோல் பதனிடுற கம்பெனிதான். தோல்ல சீல் செய்யப் போய், பிறகு ரப்பருக்கு மாறி, இன்னிக்கு உலகம் பூரா சீல் விக்குது.

சீல்ல இருக்கிற அழகான விஷயம் என்னன்னா, அந்த உதடு ஷாஃப்ட்டை வறட்டுத்தனமா உரசக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல முடியைவிட மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கணும். படலம் இல்லைன்னா உதடு கருகிடும். படலம் அதிகமானா ஒழுகும். உதட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டி ஸ்பிரிங் வளையம் அளவா அழுத்திக்கிட்டே இருக்கும்.

இதையெல்லாம் மாமாகிட்ட ஒரு லெக்சரா எடுத்து விட்டேன். 'சீல் விலை ஒரு சினிமா டிக்கெட் அளவுதான் மாமா. நானே மாத்திடறேன்' என்றேன். 'உனக்குத் தெரியுமா?' 'தியரி எல்லாம் அத்துப்படி!'

இந்த இடத்துல நீங்க சிரிக்கலாம்.

சுத்தியல் இன்ஜினீயர்

ஒரு ஞாயித்துக்கிழமை. தெருப் பசங்க அசிஸ்டென்ட். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டினேன். அதுக்குப் பின்னாடி ஒரு இரும்பு டிரம். அதுதான் ஹேண்ட் பிரேக்! மத்த கார்கள்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும். இந்தப் பழைய ஜீப்ல டிரான்ஸ்ஃபர் கேஸ் வாசல்லயே டிரம் வச்சு, ஷாஃப்ட்டையே பிடிச்சு நிறுத்தும். டிரம்மைக் கழட்டினா, உள்ளே பிரேக் ஷூ ரெண்டும் எண்ணெயில் குளிச்சு பளபளன்னு இருந்தது. ஒரு துணியால துடைச்சு விட்டேன். அவ்வளவுதான். அந்தப் பளபளப்புக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அப்போ உறைக்கவே இல்லை.

பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். புதுசை வச்சு சுத்தியலால் ஒரு பக்கம் 'டொக்', மறுபக்கம் 'டொக்'. கொஞ்சம் கோணலாப் போச்சு. இன்னொரு 'டொக்'. நிமிர்ந்துடுச்சு. எல்லாத்தையும் பூட்டி, எண்ணெய் ஊத்தி, கையைத் தட்டிக்கிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் தகர டப்பா காலி! மாமா தெரு பூரா சொல்லிட்டார். டீக்கடையில் எனக்கு ஓசி வடை. அப்பத்தா திருஷ்டி சுத்திப் போட்டாங்க. 'எங்க வீட்டு இன்ஜினீயர்' என்று பட்டம் வேற.

மூணாவது நாள் காலை. பல் விளக்கிக்கிட்டே ஜீப் பக்கம் போனேன். டப்பாவில் ஒரே ஒரு சொட்டு.

ஃப்ரெண்ட்ஸ், அந்த இடத்துல நான் என்ன பண்ணியிருக்கணும்? 'மாமா, வேலை சரியா வரலை' என்று சொல்லியிருக்கணும். ஒரு வாக்கியம். ஆனா ஓசி வடை இன்னும் ஜீரணமே ஆகலையே! தோள்ல கிடந்த துண்டால் அந்தச் சொட்டைத் துடைச்சிட்டேன். டப்பாவையும் எடுத்து ஓரமாப் போட்டுட்டேன். 'இனிமே இது எதுக்கு மாமா?' என்று ஒரு சீன் வேற.

அடுத்த நாளும் துடைச்சேன். அதுக்கடுத்த நாளும்.

முட்டுக்கட்டை

அந்த ஜீப்பில் கடைசியா ஏறுற அத்தை ஒருத்தங்க இருக்காங்க. மேலத் தெரு. அறுபதை நெருங்குற வயசு. பின்னாடி வாசல் ஓரம்தான் உட்காருவாங்க. கால்மாட்டுல எப்பவும் ஒரு மரக்கட்டை இருக்கும். ஆப்பு மாதிரி சரிவா செதுக்கினது. வண்டி மேட்டுல நின்னா, யார் சொல்லாமலும் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் அந்தக் கட்டையைப் போட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பாங்க. நான் கிண்டல் பண்ணுவேன். 'ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு கண்டுபிடிச்சு எவ்வளவு காலமாச்சு அத்தை! இன்னும் முட்டுக்கட்டையைக் கட்டிக்கிட்டு அலையறீங்களே!' அத்தை கோபப்பட மாட்டாங்க. 'கிடக்கட்டும்யா, அது என்ன சோறா கேக்குது?'

அன்னிக்கு நானும் தோட்டத்துக்குப் போனேன். மெட்டு ஏறி, மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். ராத்திரி மழை. செம்மண் சறுக்கலா இருந்தது. ஒரு ஏத்தத்துல மரக்கிளை ஒண்ணு பாதையில விழுந்து கிடந்தது. மாமா வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு, இன்ஜினை அணைக்காமலே இறங்கினார். 'நீ உட்காரு மாப்ள, நான் இழுத்துப் போட்டுடறேன்.'

மாமா கிளையைத் தூக்கிக்கிட்டு இருந்தார். நான் முன் சீட்டுல செல்போன் சிக்னல் தேடிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்த காபிச் செடி மெதுவா முன்னாடி நகர்ந்தது.

செடி எப்படி நகரும்?

வண்டிதான் பின்னாடி போய்க்கிட்டு இருந்தது. சத்தமே இல்லாம. பின்னாடி பாதை வளையுற இடத்துல சரிவு. அதுக்குக் கீழே மரங்களோட உச்சி மட்டும்தான் தெரியும். ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலும் இழுத்தேன். அது ஏற்கெனவே முழுசா மேலேதான் இருந்தது. எனக்குக் குரல் வரலை. பின்னாடி ஏழு பேரும் ஒரே நேரத்துல கத்தினாங்க. பிரேக் பெடல் டிரைவர் பக்கம் இருக்குங்கிறதே எனக்கு மறந்து போச்சு.

தடக்னு ஒரு குலுக்கல். வண்டி நின்னுடுச்சு.

அத்தை கீழே நின்னுக்கிட்டு இருந்தாங்க. சேலை முழுக்கச் சேறு. பின் சக்கரத்துக்கு அடியில் அந்த முட்டுக்கட்டை. ஓடி வந்த மாமா பெடலை மிதிச்சு, முதல் கியர்ல போட்டு, இன்ஜினை அணைச்சார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அத்தை மட்டும் முழங்கையைத் தடவிக்கிட்டே, 'மழைக்குப் பிரேக்கு நனைஞ்சிருக்கும்' என்று மாமாவுக்குச் சமாதானம் சொன்னாங்க.

மழை இல்லை. எண்ணெய். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2023 ஆகஸ்ட்ல வயநாடு மாவட்டம் மானந்தவாடி பக்கத்துல தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வந்த ஜீப் பள்ளத்துல விழுந்து 9 பெண்கள் இறந்து போனாங்க. அந்த விபத்துக்கும் ஆயில் சீலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரலை. அன்னிக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்போ, வேற ஊர் ஜீப்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன். இப்போ, தோட்டத்துல சாயங்காலம் வரைக்கும் அதே செய்திதான் என் தலைக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தது. ஏழு பேர். எல்லாரும் நான் அத்தைன்னும் அக்கான்னும் கூப்பிடுறவங்க.

இறங்கி வரும்போது கம்பத்துல டீ குடிக்க நிறுத்தினாங்க. மாமாவைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டேன். மூணாவது நாளே ஒழுகினது, நான் துடைச்சது, டப்பாவை ஒளிச்சது, பிரேக் ஷூவில் எண்ணெய் ஊறியிருந்ததைப் பார்த்தும் விட்டது, எல்லாம். மாமா திட்டுவார், கை ஓங்குவார்னு எதிர்பார்த்தேன். அவர் டீ கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தார். கடைசியா, 'நானும்தான் ஒரு வருஷம் டப்பா வச்சேன்' என்றார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பாய் எடுத்த கிளாஸ்

மறுநாள் ஜீப்பை மெதுவா ஓட்டிக்கிட்டு உத்தமபாளையத்துல மாமாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் போனோம். வயசானவர். காது கொஞ்சம் மந்தம். ஆனா கியர் சத்தம் மட்டும் சரியாக் கேட்கும்!

நான் நேரா சீலைக் காட்டினேன். பாய் அதைப் பார்க்கவே இல்லை. முதல்ல ரெண்டு பின் சக்கரத்துக்கும் கட்டை போட்டார். 'தம்பி, இந்த வண்டியில ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில தூக்கினா ஹேண்ட் பிரேக் பிடிக்காது, தெரியுமா?' ஙே என்று விழித்தேன். பிரேக் இருக்கிறது ஷாஃப்ட்டுல. நடுவுல டிஃபரென்ஷியல் இருக்கு. தூக்கின சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்தினா, தரையில இருக்கிற சக்கரம் தாராளமா உருளும். டிஃபரென்ஷியல் பத்தி நான் 16 மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கேன். இது மட்டும் தோணலை.

அடுத்து எண்ணெய் நிரப்புற மூடியைத் திறந்தார். 'வடிக்கிற மூடியை முதல்ல திறக்காதே. எல்லாத்தையும் வடிச்சப்புறம் நிரப்புற மூடி துருப்பிடிச்சுத் திறக்கலைன்னா என்ன பண்ணுவே?' டிரான்ஸ்ஃபர் கேஸ் மூடியைத் திறந்ததும் எண்ணெய் வழிஞ்சு கொட்டியது. அளவு சரியா இருந்தா ஓட்டை விளிம்பு வரைக்கும்தான் நிக்கணும். பக்கத்துல கியர் பாக்ஸ் மூடியைத் திறந்து, 'விரலை விடு' என்றார். விட்டேன். காய்ஞ்ச விரல் வெளியே வந்தது.

'இப்ப சொல்லு இன்ஜினீயர். எங்கே ஒழுகுது?'

கியர் பாக்ஸ்லேருந்து மெயின் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள நுழையுது. அந்த இடத்து அடைப்பு தேய்ஞ்சு, இந்தப் பெட்டியோட எண்ணெய் அந்தப் பெட்டிக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கு. இங்கே வறட்சி, அங்கே வெள்ளம். வெள்ளம் எங்கே வெளியேறும்? கடைசி வாசல்ல, நான் மாத்தின சீல்ல.

அதோட முடியலை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மூச்சு விட ஒரு சின்ன வழி உண்டு. 'பிரீதர்'னு சொல்வாங்க. வண்டி ஓட ஓட உள்ளே சூடாகும், காத்து விரியும், அந்த வழியா வெளியே போகணும். எங்க வண்டியில அது சேறு அடைச்சு இறுகிக் கிடந்தது. மேலே மூச்சு முட்டினா, உள்ளே இருக்கிற அழுத்தம் சீல் உதட்டைத் தள்ளிக்கிட்டு எண்ணெயோட வெளியே வரும்.

மூணாவதா, சீலோட உதடு உட்கார்ற இரும்புப் பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். 'நகத்தால கீறிப் பாரு.' கீறினேன். நகம் ஒரு பள்ளத்துல 'டிக்'குனு மாட்டுச்சு. ரப்பர் இரும்பைத் தேய்ச்சிருக்கு! ரெண்டுக்கும் நடுவுல சிக்கின தூசி பல வருஷமா உப்புத்தாள் மாதிரி வேலை பார்த்திருக்கு. அந்தப் பள்ளத்து மேலே எவ்வளவு புது சீல் போட்டாலும் உட்காராது.

கடைசியா, நான் போட்ட சீலை வெளியே எடுத்துக் காட்டினார். கோணலா அடிச்சதில் உதட்டு ஸ்பிரிங் பாதி கழண்டு தொங்கிச்சு. சீல் நல்ல சீல்தான். அடிச்ச கைதான் சரியில்லை.

ரெண்டு நாள் வேலை. ஹெல்ப்பர் யாருன்னு கேக்காதீங்க, நானேதான். பெட்டி ரெண்டையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாய் ஒரு காரியம் செய்தார். கியர் பாக்ஸ் மேல் மூடியைத் திறந்து, மெயின் ஷாஃப்ட்டைச் சுத்தி ஒரு கம்பி போட்டு, முன்பக்க மூடியோட போல்ட்டுல இறுக்கிக் கட்டினார். இல்லைன்னா டிரான்ஸ்ஃபர் கேஸை இழுக்கும்போது ஷாஃப்ட்டும் கூடவே வந்து, உள்ளே இருக்கிற கியர் எல்லாம் பொலபொலன்னு விழுந்துடுமாம். வில்லிஸ் கம்பெனியோட பழைய சர்வீஸ் மேனுவலைப் பிற்பாடு புரட்டினேன். அதே கம்பி, அதே கட்டு! பாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவரோட உஸ்தாத் சொல்லிக் கொடுத்தது.

உள் அடைப்பை மாத்தினோம். பள்ளம் விழுந்த இடத்துல மெல்லிசான இரும்பு ஸ்லீவ் ஏத்தினோம். பேரிங் மூடிக்கு அடியில் இருந்த காகிதம் மாதிரித் தகடுகளை ஒண்ணு விடாமல் எண்ணி, அதே வரிசையில் வச்சோம். பேரிங்குக்கு எவ்வளவு இடைவெளி வேணும்னு முடிவு பண்றது அந்தத் தகடுகள்தான். ஒண்ணு தொலைஞ்சாலும் பேரிங் இறுகும், இல்லைன்னா ஆடும். புது சீலை எண்ணெயில் நனைச்சு, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்கிற மாதிரி வச்சு, அதே விட்டமுள்ள பைப் துண்டை மேலே வச்சு, சுத்திவர ஒரே சீரா தட்டி இறக்கச் சொன்னார். இந்தத் தடவை 'டொக்' சத்தமே வேற மாதிரி இருந்தது.

பிரேக் லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைக்கலாமான்னு கேட்டேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். எண்ணெய் குடிச்ச லைனிங் துடைச்சா மேலே காயும், சூடானா உள்ளே இருக்கிறது திரும்பக் கசியும். புது லைனிங் போட்டோம். பழைய லைனிங் தூசியை வாயால ஊதாதீங்க மக்களே, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 தரத்துல 90 நம்பர் ஆயில். அதிக நம்பர்தானே ஒசத்தின்னு ஜி.எல்.-5 வாங்கி ஊத்திடாதீங்க. அதுல இருக்கிற சில மருந்து, இந்த மாதிரிப் பழைய கியர் பாக்ஸோட பித்தளை வளையங்களை அரிக்கும்னு சொல்றாங்க.

கூலி கொடுக்கும்போது பாய் சொன்னார்: 'சீல் மேல தப்பே கிடையாது தம்பி. அது கடைசி ஆளு. முன்னாடி இருக்கிற எல்லாரும் பண்ற தப்பு அதுகிட்டதான் வந்து சேரும்.'

அப்புறம்?

மறுநாள் காலையில் டப்பாவுக்குப் பதிலா ஒரு வெள்ளை அட்டையை ஜீப்புக்கு அடியில் வச்சேன். காய்ஞ்சு இருந்தது. அடுத்த நாளும். மூணாவது நாள் எழுந்து போறதுக்குள்ள எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. காய்ஞ்சுதான் இருந்தது. ஒரு வாரம் கழிச்சு ஓரத்துல லேசா ஒரு ஈரம் தெரிஞ்சது. ஓடிப் போய் மாமாவை எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்து பார்த்து, 'டேய், அது நாய் போனது' என்றார்.

நம்ம காலேஜ் லேப்ல என்ன பண்றோம்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கிராஃப் நேர்கோட்டுல வரலைன்னா, ஒதுங்கி நிக்கிற அந்த ஒரு ரீடிங்கை அழிச்சிட்டு, கோட்டுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிடுவோம். சார் டிக் போட்டுடுவார். போன மாசம் என் ரெக்கார்டுல ஒரு ரீடிங் அப்படித்தான் தனியா நின்னுச்சு. ரப்பரை எடுத்தவன், அந்தச் செம்மண் ஏத்தம் ஞாபகம் வந்து, கீழே வச்சிட்டேன். திரும்பவும் மெஷினை ஓட்டிப் பார்த்தா, ஸ்க்ரூ ஒண்ணு தளர்ந்திருந்தது. இதுக்கு நடுவுல பஸ் போயிடுச்சு, அது வேற விஷயம்.

லீவு முடிஞ்சு கிளம்புறதுக்கு முந்தின நாள் மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். அதே ஏத்தத்துல மாமா வேணும்னே நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. யாரும் பேசலை. மாமா என்னைப் பார்த்தார். நான் பின்னாடி திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

அத்தை ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தாங்க. கையில முட்டுக்கட்டை.

இந்தத் தடவை நான் கிண்டல் பண்ணலை. இறங்கிப் போய் வாங்கி, சக்கரத்துக்கு அடியில் நானே போட்டேன்.